நாயின் ஆயுளைக் கூட்டுவது எது? வாழ்நாள் ஆய்வுகள் சொல்வதென்ன? சித்தூர், திருப்பதி நாய்களுக்கு அது பொருந்துமா?

"நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு எப்படி இப்படி ஆச்சு?"

நாய் வளர்க்கும் வீடுகளில், அது ஒன்பது பத்து வயதில் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும்போது எழும் கேள்வி இது. சித்தூரிலும் திருப்பதியிலும், தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும், கேள்வி ஒன்றுதான். மருத்துவரிடம் இதற்குப் பெரும்பாலும் முழு பதில் இருக்காது. அவர் பார்ப்பது அன்றைக்கு மேஜையில் படுத்திருக்கும் நாயை மட்டும்தான். இரண்டு வயதில் அது என்ன சாப்பிட்டது, எத்தனை முறை உண்ணிக் காய்ச்சல் வந்தது, எடை எப்போது ஏற ஆரம்பித்தது என்பதெல்லாம் அந்த அறைக்குள் வருவதில்லை.

விடுபட்டுப்போகும் அந்த ஆண்டுகளைப் பதிவு செய்வதற்கென்றே சில நாடுகளில் பெரிய ஆய்வுகள் நடக்கின்றன. ஆரோக்கியமான நாய்களைச் சேர்த்துக்கொண்டு, அவை சாகும்வரை ஆண்டுதோறும் பின்தொடர்கிறார்கள். விஞ்ஞானிகளைவிட அதிக வேலை செய்வது நாயின் உரிமையாளர்கள்தான்.

இந்த ஆய்வுகள் எதைக் கண்டுபிடித்தன? அந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது? நம்ம ஊர் நாய்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

வாழ்நாள் ஆய்வு என்றால் என்ன?

ஒரு நோயின் காரணத்தைத் தேட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நோய் வந்த பிறகு பின்னோக்கிப் போவது. மூட்டுவலி வந்த நூறு நாய்களின் வீட்டாரிடம், "குட்டியா இருக்கும்போது என்ன போட்டீங்க?" என்று கேட்பது. இதில் சிக்கல் என்னவென்றால், பத்து வருஷத்துக்கு முந்தைய சாப்பாடு யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. நோய் வந்த பிறகு ஞாபகமே மாறிவிடும். எதை நாம் குற்றவாளி என்று நினைக்கிறோமோ, அதுதான் அதிகம் நினைவுக்கு வரும்.

இரண்டாவது வழி, முன்னோக்கிப் போவது. எந்த நோயும் இல்லாதபோதே நாயைச் சேர்த்துக்கொண்டு, நடப்பதை நடக்கும்போதே எழுதி வைப்பது. பத்து வருஷம் கழித்து நோய் வந்தவற்றையும் வராதவற்றையும் ஒப்பிட்டால், வித்தியாசம் எங்கே தொடங்கியது என்று தெரியும்.

மனிதர்களில் இப்படி ஓர் ஆய்வை முடிக்க ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் போதாது. நாயின் ஆயுள் குறைவு என்பதால் 12 முதல் 15 ஆண்டுகளில் முழு வாழ்க்கையையும் பார்த்துவிடலாம். மேலும் நாய் நம்மோடு அதே வீட்டில், அதே காற்றை சுவாசித்து, அதே தண்ணீரைக் குடித்து வாழ்கிறது. அதனால்தான் மனித முதுமையை ஆராய்பவர்களும் நாய்களைக் கவனிக்கிறார்கள்.

3,044 கோல்டன் ரெட்ரீவர்கள்

இந்த வகையில் அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவின் மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் 2012இல் தொடங்கிய கோல்டன் ரெட்ரீவர் வாழ்நாள் ஆய்வு. 2015க்குள் 3,044 நாய்கள் சேர்க்கப்பட்டன. சேரும்போது எல்லாமே 2 வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமான நாய்கள்.

ஒவ்வொரு ஆண்டும் நாயை மருத்துவரிடம் கூட்டிப்போய் முழு பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தம், சிறுநீர், மலம், முடி, நகம் ஆகியவற்றின் மாதிரிகளைக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் ஒரு நீண்ட கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். என்ன உணவு, எவ்வளவு நடை, எங்கே தூங்குகிறது, எந்தத் தண்ணீரில் நீந்துகிறது, வீட்டில் என்ன பூச்சிமருந்து அடிக்கிறீர்கள் என்று கேள்விகள் நீளும். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் வேலை மாறலாம், ஊர் மாறலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகலாம். ஆனாலும் அந்த ஆண்டின் படிவம் போய்ச் சேர வேண்டும்.

கோல்டன் ரெட்ரீவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அந்த இனத்தில் புற்றுநோய் அதிகம். ஆய்வில் இறந்த நாய்களிலும் பெரும்பகுதிக்குக் காரணம் புற்றுநோய்தான். அதிலும் ரத்தக்குழாய்ச் சுவரில் தொடங்கும் ஹெமாஞ்சியோசார்கோமா முன்னணியில் இருக்கிறது. மண்ணீரலில் சத்தமில்லாமல் வளர்ந்து, ஒருநாள் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கசியும்போதுதான் இது பெரும்பாலும் வெளியே தெரிகிறது. "திடீர்னு" என்று வீட்டார் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் உண்மைகளில் இது ஒன்று. வெளியே தெரிந்த நாளுக்கு வெகு முன்பே அது உள்ளே இருந்திருக்கிறது. நோய் தெரியவருவதற்கு முந்தைய ஆண்டுகளின் ரத்த மாதிரிகள் உறைநிலையில் பத்திரமாக இருப்பதுதான் இந்த ஆய்வின் பெரிய சொத்து. அதில் ஏதாவது முன்னறிகுறி தெரிகிறதா என்று இப்போது தேட முடிகிறது.

48 லேப்ரடார்கள், 14 ஆண்டுகள், ஒரே ஒரு வித்தியாசம்

எண்ணிக்கையில் சின்னது, ஆனால் பதிலில் தெளிவானது இன்னொரு ஆய்வு. பியூரினா நிறுவனம் நடத்தி, 2002இல் வெளியிட்டது. 48 லேப்ரடார் குட்டிகளை, உடன்பிறந்தவையாகப் பார்த்து 24 ஜோடிகளாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் ஒரே உணவு. ஆனால் ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் மற்றதைவிட 25% குறைவாகப் போட்டார்கள். 8 வார வயதில் ஆரம்பித்து சாகும்வரை இதுதான் ஏற்பாடு.

முடிவு: குறைவாகச் சாப்பிட்ட குழுவின் ஆயுள் இடைநிலை அளவு 13 ஆண்டுகள். மற்ற குழுவுக்கு 11.2 ஆண்டுகள். ஏறக்குறைய 2 வருஷ வித்தியாசம். மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்டதும் குறைவாகச் சாப்பிட்ட குழுவில் சுமார் 3 ஆண்டுகள் தள்ளிப்போனது.

இதை 'பட்டினி போட்டால் நீண்ட நாள் வாழும்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைவாகச் சாப்பிட்ட நாய்கள்தான் சரியான உடல்வாகில் இருந்தன. மற்றவை கொஞ்சம் பூசினாற்போல் இருந்தன. நம் வீடுகளில் 'நல்லா வளந்திருக்கு' என்று பெருமையாகச் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த உடம்பு.

2019இல் வெளியான இன்னொரு ஆய்வும் இதையே சொன்னது. 12 இனங்களைச் சேர்ந்த 50,000க்கும் மேற்பட்ட வளர்ப்பு நாய்களின் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்ததில், நடுவயதில் எடை கூடியிருந்த நாய்கள் எல்லா இனங்களிலும் சீக்கிரம் இறந்தன. ஆண் ஜெர்மன் ஷெப்பர்டில் வித்தியாசம் சுமார் 5 மாதம். ஆண் யார்க்‌ஷயர் டெரியரில் 2 ஆண்டு 6 மாதம். காலையில் பால், டீ நேரத்தில் பிஸ்கட், மதியம் தயிர்சாதம், ராத்திரி எல்லோர் தட்டிலிருந்தும் ஒரு வாய் என்று பாசத்தைச் சாப்பாட்டில் காட்டும் வீடுகளுக்கு இந்த எண் நேராகவே பேசுகிறது.

50,000 நாய்களைச் சேர்த்த திட்டம்

மூன்றாவது, டாக் ஏஜிங் ப்ராஜெக்ட். வாஷிங்டன் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துவது. 2019 இறுதியில் பொதுமக்களிடமிருந்து பெயர் வாங்கத் தொடங்கியது. 50,000க்கும் மேற்பட்ட நாய்கள் சேர்ந்திருக்கின்றன. இங்கே இன வரம்பு கிடையாது, கலப்பு நாய்களும் உண்டு. எல்லா உரிமையாளர்களும் கேள்வித்தாள் நிரப்புகிறார்கள். அவர்களில் சுமார் 1,000 நாய்களிடமிருந்து மட்டும் ஆண்டுதோறும் ரத்தம் போன்ற மாதிரிகள் எடுக்கப்படுகின்றன.

மனிதர்களுக்கு உறுப்பு மாற்று சிகிச்சையில் பயன்படும் ராபமைசின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் நாயின் ஆயுள் கூடுமா என்ற சோதனையும் இதில் ஒரு பகுதி. சோதனை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இது கடையில் வாங்கி வீட்டில் கொடுத்துப் பார்க்கும் மருந்து அல்ல. நோய் எதிர்ப்பு சக்தியையே மாற்றக்கூடியது.

இத்தனை பெரிய திட்டத்துக்கும் நிதிதான் பலவீனமான இடம். அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம்தான் இதற்கு முக்கியமாகப் பணம் கொடுத்து வந்தது. 2024 தொடக்கத்தில் அந்த நிதி தொடருமா என்பதே கேள்விக்குறியானது. பிறகு ராபமைசின் சோதனைக்குப் புதிய மானியம் கிடைத்தது. மானியங்கள் ஐந்தாண்டுக் கணக்கில் வருகின்றன. நாய்கள் பதினைந்து ஆண்டுகள் வாழ்கின்றன. வாழ்நாள் ஆய்வுகளின் நிரந்தரத் தலைவலி இதுதான்.

எண்களைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்...

நாய் ஆயுள் பற்றிய புள்ளிவிவரங்கள் வாட்ஸ்ஆப்பில் வேகமாகப் பரவுகின்றன. அவற்றைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கணக்கெடுத்த கூட்டத்தின் வயது. 2022இல் பிரிட்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ் குழு 30,563 நாய்களின் மரணப் பதிவுகளை வைத்து ஆயுள் அட்டவணை போட்டது. எல்லா நாய்களுக்கும் சேர்த்துப் பிறக்கும்போது எதிர்பார்க்கும் ஆயுள் 11.23 ஆண்டுகள். ஜாக் ரஸ்ஸல் டெரியருக்கு 12.72. ஃப்ரெஞ்ச் புல்டாகுக்கு வெறும் 4.53. இதைப் பார்த்து 'என் ஃப்ரெஞ்ச் புல்டாக் அஞ்சு வயசுல போயிடுமா?' என்று கலங்கியவர்கள் பலர். மூச்சுத் திணறல் உட்பட அந்த இனத்துக்குப் பிரச்னைகள் இருப்பது உண்மைதான். ஆனால் அது அண்மையில்தான் பிரிட்டனில் பிரபலமானது. அங்கே இருக்கும் ஃப்ரெஞ்ச் புல்டாக்களில் பெரும்பாலானவை இளம் நாய்கள். வயதான நாய்களே குறைவாக இருக்கும் கூட்டத்தில் இறப்பவையும் இளசுகளாகத்தான் இருக்கும். எண் தவறல்ல, ஆனால் அது முழுக் கதையும் அல்ல.

இரண்டாவது, எது காரணம், எது விளைவு? டாக் ஏஜிங் ப்ராஜெக்டின் 2022 ஆய்வு ஒன்றில், 15,019 நாய்களைப் பார்த்ததில், ஓடியாடாத நாய்களுக்கு மூளைத் தளர்ச்சி இருக்கும் வாய்ப்பு, நன்றாக ஓடியாடும் நாய்களைவிட 6 மடங்குக்கும் மேல் இருந்தது. நடை இல்லாததால் மூளை தளர்ந்ததா? அல்லது மூளை தளர்ந்ததால் நடை குறைந்ததா? ஒரே சமயத்தில் எடுத்த ஒரு கேள்வித்தாளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடும் நாய்களுக்கு நோய்கள் குறைவு என்ற, அதே ஆண்டில் வந்த இன்னொரு முடிவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நோயாளி நாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுப்பதுதானே வழக்கம்? அதே நாய்களை ஆண்டுக்கணக்கில் தொடரும்போதுதான் எது முதலில் வந்தது என்று தெரியும்.

மூன்றாவது, யார் சேர்கிறார்கள்? ஆண்டுதோறும் படிவம் நிரப்பி, சொந்தச் செலவில் மருத்துவரைப் பார்ப்பவர்கள் சராசரி உரிமையாளர்கள் அல்ல. நாய்மீது உயிரையே வைத்திருப்பவர்கள். அவர்கள் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி தவறாது, எடை ஏறினால் உடனே கண்ணில் படும். எனவே இந்த ஆய்வுகள் காட்டுவது, நன்றாகக் கவனிக்கப்படும் நாய்களின் வாழ்க்கையை.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம்ம ஊர்ல?

திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955இல் தொடங்கப்பட்டது. 2005இல் உருவான ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் திருப்பதிதான். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமானாலும், இரண்டு மாவட்டத்து நாய்களுக்கும் பெரிய சிகிச்சை என்றால் நினைவுக்கு வரும் முதல் இடம் அதுதான். எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரியும் இன்னொரு வழி.

தலைமுறைகளைத் தாண்டிப் பதிவேடு வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சித்தூர் மாவட்டம் பலமநேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில், உலகின் மிகச் சிறிய மாட்டினங்களில் ஒன்றான புங்கனூர் மாட்டை மந்தையாக வைத்துப் பாதுகாக்கிறார்கள். இனப்பாதுகாப்பு என்றாலே எந்தக் கன்று எந்தப் பசுவுக்குப் பிறந்தது, எந்தக் காளையோடு சேர்த்தது என்ற கணக்குதான். மாட்டுக்குச் செய்வதை நாய்க்கும் செய்யலாம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் மேலே பார்த்த ஆய்வுகளில் இருப்பவை எந்த நாய்கள்? ஒன்றில் கோல்டன் மட்டும், ஒன்றில் லேப்ரடார் மட்டும், மற்றவற்றில் அமெரிக்க, பிரிட்டிஷ் வீட்டு நாய்கள். நம் வாசலில் வளரும் நாட்டு நாயோ, ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ அதில் இல்லை. தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகியவற்றை முறைப்படி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிக் காது கேளாமை, அதை வளர்ப்பவர்களுக்கு நன்றாகவே தெரிந்த பிரச்னை. எந்த வம்சாவளியில் அது அதிகம், எந்தச் சேர்க்கையில் குறைகிறது என்பதைச் சொல்லப்போவது குட்டிகளின் பதிவுதான்.

நோய்களும் வேறு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதியில் ஆண்டு முழுக்க உண்ணி உண்டு. பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி உடலுக்குள் நுழைந்தால் முதலில் காய்ச்சல், சோர்வு. அது தானாக அடங்கிவிட்டதுபோல் தோன்றும். நாய் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் நன்றாகவே இருக்கும். பிறகு ஒருநாள் மூக்கிலிருந்து ரத்தம் வடியும், ரத்தத் தட்டுகள் சரிந்திருக்கும், ரத்தசோகை முற்றியிருக்கும். இங்கேயும் அதே 'திடீர்'. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த அந்த மூன்று நாள் காய்ச்சலை யாராவது எழுதி வைத்திருந்தால், மருத்துவரின் சந்தேகம் முதல் நாளிலேயே சரியான இடத்துக்குப் போகும்.

நாய்க்கு நாய் தொற்றும் புற்றுநோயும் இந்தியாவில் பரவலாக உண்டு. இனச்சேர்க்கையின்போது புற்றுச் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். 43 நாடுகளில் எடுத்த 546 கட்டிகளின் மரபணுவை ஒப்பிட்ட 2019 ஆய்வு, இது 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே ஒரு நாயில் தொடங்கியிருக்கலாம் என்றது. வின்கிறிஸ்டின் ஊசிக்கு இது நன்றாகக் கட்டுப்படும். பிறப்புறுப்பில் ரத்தம் கசிந்தால் கூச்சப்படாமல் சீக்கிரம் காட்டுவது முக்கியம்.

தெரு நாய்களைப் பின்தொடர்ந்தவர்கள்

இந்தியாவில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் அனிந்திதா பத்ராவின் குழு 2009 முதல் தெரு நாய்களை ஆராய்கிறது. திருப்பதியில் இருப்பது இதன் சகோதர நிறுவனம்.

மேற்கு வங்கத்தில் ஏழு இடங்களில், 5 ஆண்டுகள், 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளை அவர்கள் கவனித்தார்கள். இனப்பெருக்க வயது வரை பிழைத்தவை சுமார் 19% மட்டுமே. இறப்புகளில் 63% ஏதோ ஒரு வகையில் மனிதர்களால் நேர்ந்தவை. வாகனம் மோதியவை, விஷம் வைக்கப்பட்டவை, அடித்துக் கொல்லப்பட்டவை, எடுத்துச் செல்லப்பட்டவை எல்லாம் இதில் அடக்கம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தெரு நாய்கள் சுமார் 1.53 கோடி. இந்த நாட்டின் 'சராசரி நாய்' சோபாவில் தூங்கும் கோல்டன் அல்ல என்பதை இந்த எண்கள் ஞாபகப்படுத்துகின்றன.

கருத்தடை செய்யலாமா, வேண்டாமா?

வெளிநாட்டு ஆய்வை அப்படியே இங்கே இறக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சரியான உதாரணம் இது. கோல்டன் ஆய்வின் 2019 முடிவுகளில், கருத்தடை செய்த நாய்களுக்கு உடல் பருமன் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. 6 மாதத்துக்கு முன்பே செய்தவற்றில் மூட்டு, தசைநார்க் காயங்களும் அதிகம். 2020இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 35 இனங்களை ஒப்பிட்டபோது, கதை இனத்துக்கு இனம் மாறியது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் சீக்கிரம் செய்தால் மூட்டுப் பிரச்னை கூடியது. சின்ன இனங்களில் அப்படி எதுவும் தெரியவில்லை.

இதிலிருந்து வரும் முடிவு 'எப்போது செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்' என்பதுதான். 'கருத்தடையே கூடாது' என்பதல்ல. அதிலும் தெரு நாய்க்கு இந்த முடிவைப் பொருத்தவே முடியாது. பத்து வயதில் மூட்டு தேயுமா என்பது, ஒரு வயதைத் தாண்டுமா என்றே தெரியாத நாய்க்கான கேள்வி அல்ல. கருத்தடை அங்கே பிறப்பைக் கட்டுப்படுத்துகிறது. தொற்றும் புற்றுநோயையும் குறைக்கிறது.

தடுப்பூசி: ஒரு நாயின் விஷயம் மட்டுமல்ல

மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99% வரை நாய்கள் மூலமே பரவுகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அறிகுறி வந்த பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாது. கோவாவில் ஆண்டுதோறும் நாய்களுக்குப் பெருந்திரளாகத் தடுப்பூசி போட்டு, நோய் தென்படும் இடங்களைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 2018 முதல் மூன்று ஆண்டுகள் அங்கே ஒரு மனித மரணமும் பதிவாகவில்லை. ஊசி மட்டும் போட்டு விட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. எங்கே போட்டோம், எங்கே விடுபட்டது என்ற கணக்குதான் வேலையை முடித்தது.

நாய் கடித்தால் காயத்தை உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டு நாய்தானே என்று விடக்கூடாது.

டிஸ்டெம்பர் ஊசிக்கும் வீட்டைத் தாண்டிய அர்த்தம் உண்டு. 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில் 23 சிங்கங்கள் இறந்தபோது, நாய்களைத் தாக்கும் இதே டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் கண்டறியப்பட்டது. சிறுத்தைகள் உலவும் சேஷாசலம் மலையடிவாரத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு இது வெறும் குஜராத் செய்தி அல்ல.

'ஒரு வருஷம் ஏழு வருஷத்துக்குச் சமம்' சரியா?

சரியில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 100 லேப்ரடார்களின் மரபணுவில் வயதோடு வரும் வேதி மாற்றங்களை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டார்கள். அந்தக் கணக்கில் 1 வயது நாய் சுமார் 31 வயது மனிதருக்குச் சமம். 4 வயதில் 53. 12 வயதில் 70 சொச்சம். ஆரம்பத்தில் வேகமாக ஓடி, பிறகு நிதானமாகிறது நாயின் முதுமை. இதுவும் லேப்ரடாரின் கணக்குதான். சின்ன நாய்கள் பொதுவாகப் பெரிய நாய்களைவிட அதிக நாள் வாழும். ஆனால் பாடம் ஒன்றுதான். ஆறு வயது நாயை 'இன்னும் சின்னப்பிள்ளை' என்று நினைத்து வருடாந்திரப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் நோட்டில் என்ன இருக்க வேண்டும்?

எந்தப் பெரிய ஆய்விலும் சேராமலே, அந்த உரிமையாளர்கள் செய்வதில் பாதியை நாமும் செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

- எங்கிருந்து வந்தது: பிறந்த தேதி, தாய் தந்தை விவரம், வாங்கியதா, தெருவிலிருந்து எடுத்ததா. உடன்பிறந்த குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் அதுவும்.

- எடை: மாதம் ஒருமுறை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். விலா எலும்பு லேசாகத் தடவும்போதே கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம்.

- தடுப்பூசி, பூச்சிமருந்து: தேதியோடு, மருந்தின் பெயரோடு. ஊசி பாட்டிலின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஒட்டி வையுங்கள்.

- காய்ச்சலும் உண்ணியும்: எத்தனை நாள், என்ன மருந்து, மருந்தை முழுசாகக் கொடுத்து முடித்தீர்களா. எர்லிக்கியாவுக்கு மருந்து வாரக்கணக்கில் நீளும். நாய் எழுந்து ஓடியதும் நிறுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு.

- ரத்தப் பரிசோதனை அறிக்கை: நன்றாக இருக்கும்போது எடுத்த ஒரு அறிக்கை பொன்னுக்குச் சமம். நோய் வரும்போது எதோடு ஒப்பிடுவது என்று மருத்துவருக்கு அதுதான் சொல்லும்.

- சாப்பாடு: என்ன, எவ்வளவு, எத்தனை வேளை. மாற்றினால் மாற்றிய தேதி.

- பெண் நாய்க்குப் பருவம் வந்த தேதிகள், குட்டி போட்டது, கருத்தடை செய்த வயது. மடிக்காம்புகளை மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, கட்டி தென்பட்டால் அந்தத் தேதி.

- கடைசியில், எப்படி இறந்தது. எழுதவே கை வராத வரி இது. ஆனால் மருத்துவர் 'பிரேதப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?' என்று கேட்டால், சம்மதிக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். கோல்டன் ஆய்வின் முக்கியமான தகவல்களில் ஒரு பகுதி இப்படி வீட்டார் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்த அனுமதியில் கிடைத்ததுதான்.

இந்த நோட்டை மாட்டாஸ்பத்திரிக்கோ கிளினிக்குக்கோ போகும்போதெல்லாம் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் மாறினாலும், சித்தூரிலிருந்து திருப்பதிக்கோ சென்னைக்கோ பரிந்துரைத்தாலும், நாயின் வரலாறு கூடவே போகும். ஒரே வீட்டின் நோட்டு ஒரு நாயைக் காப்பாற்றலாம். ஒரே மாதிரி எழுதப்பட்ட ஐநூறு நோட்டுகள் ஒரு கல்லூரிக்குக் கிடைத்தால், நாட்டு நாய்க்கும் ராஜபாளையத்துக்கும் ஆயுள் எவ்வளவு, எதனால் குறைகிறது என்று அமெரிக்க நாயைக் கேட்காமலே சொல்லிவிட முடியும்.